200 நிமிடங்களைப் பங்கு போடுவது: கல்லூரிக் கூடைப்பந்தில் அணி சேர்க்கும் கதை

2023 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பர்டூ பல்கலைக்கழக அணி, ஃபேர்லி டிக்கின்சன் என்ற சிறிய நியூ ஜெர்சி கல்லூரியிடம் 63-58 என்று தோற்றது. பர்டூவில் 7 அடி 4 அங்குல உயரமுள்ள ஸாக் ஈடி இருந்தார். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் அவர்தான். எதிரணியோ, கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் இருக்கும் 360க்கும் மேற்பட்ட அணிகளில் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. மார்ச் மாதத் தேசியப் போட்டியில் அணிகளை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை வரிசை போடுவார்கள். 1ஆம் இடத்து அணி 16ஆம் இடத்து அணியிடம் தோற்பது ஆண்கள் போட்டியில் அது இரண்டாவது முறைதான்.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் பர்டூ இதேபோல எதிர்பாராத தோல்விகளைச் சந்தித்திருந்தது. 2021இல் 13ஆம் இடத்து நார்த் டெக்சஸ், 2022இல் 15ஆம் இடத்து செயின்ட் பீட்டர்ஸ், அப்புறம் இது. கோச் மேட் பெயின்டரை மாற்று, அணியைக் கலைத்துப் புதிதாகச் சேர் என்று கூச்சல் எழுந்தது. அவர் இரண்டுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. முக்கியமான வீரர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வெளியிலிருந்து வந்து நிறைய நேரம் களத்தில் நின்றவர் லான்ஸ் ஜோன்ஸ் ஒருவர்தான். அடுத்த ஆண்டு அதே அணி 34 ஆட்டங்களில் வென்று தேசிய இறுதிப் போட்டி வரை போனது. பர்டூ இறுதிக்குப் போனது 1969க்குப் பிறகு அப்போதுதான்.

நான் பர்டூ ரசிகன், அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் டைம் அவுட்டில் கோச் பலகையில் கிறுக்குவதைத்தான் கோச்சிங் என்று நினைக்கிறார்கள். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் பெரும்பாலான சீசன்கள் நவம்பரில் தொடங்குவதற்கு வெகு முன்பே, ஏப்ரல், மே மாதங்களிலேயே, அணியில் யார் இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகின்றன என்பது என் கருத்து.

அடிப்படைக் கணக்கு எளிமையானது. ஆண்கள் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், 20 நிமிடமாக இரண்டு பாதி. களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர். ஆக, ஓர் ஆட்டத்தில் ஒரு கோச் பங்கு போட மொத்தம் 200 நிமிடங்கள் இருக்கின்றன. அணியில் எத்தனை நட்சத்திரங்களைச் சேர்த்தாலும் இந்த 200 கூடப் போவதில்லை. 2024-25 சீசன் வரை ஓர் அணி 13 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்பது விதி. இப்போது பெரிய கல்லூரிகளில் அணியின் உச்சவரம்பு 15 பேர், எல்லோருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். ஆனால் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் 30 நிமிடத்துக்கு மேல் ஆடுவார். ஐந்து பேர் அப்படி ஆடினால் மிச்சம் 40, 50 நிமிடம்தான். அதை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்வார்கள். மீதி ஆறேழு பேர் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்.

அந்த ஆறேழு பேரும் சாதாரணமானவர்கள் இல்லை. தங்கள் ஊர்ப் பள்ளியில் ஒவ்வொருவரும் ராஜாவாக இருந்தவர்கள்தான். பெஞ்சில் இருப்பவனை மனம் நோகாமல் வைத்திருப்பதும், அவன் போய்விட்டால் அந்த இடத்தை நிரப்புவதும்தான் அணி சேர்க்கும் வேலையின் சாரம்.

இந்தக் கணக்கு வெளிப்படையாகவே மாட்டிக்கொண்ட அணி ஒன்று உண்டு. 2014-15இல் கென்டகி. கோச் ஜான் கேலிபரி அப்போது பள்ளி முடித்து வரும் தலைசிறந்த பையன்களை வாரிக்கொண்டு வருவதில் மன்னன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. 2005இல் ஒரு விதி கொண்டுவந்தது. பள்ளியிலிருந்து நேராகத் தொழில்முறைக்குப் போக முடியாது, 19 வயதாக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடம் போக வேண்டும். அதனால் மிகத் திறமையான பையன்கள் ஒரே ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்குப் போகத் தொடங்கினார்கள். இவர்களை ஒன் அண்ட் டன் ஆட்டக்காரர்கள் என்பார்கள். ஆண்டுதோறும் அப்படி நான்கைந்து பேரைப் பிடித்துவந்து 2012இல் கேலிபரி கோப்பையே வென்றார்.

2014-15இல் அவர் கையில் ஆள் நிரம்பி வழிந்தது. முந்தைய ஆண்டு போவார்கள் என்று நினைத்த சிலர் தங்கிவிட்டார்கள், புதியவர்களும் வந்தார்கள். என்ன செய்வது? ஐந்து பேர் கொண்ட இரண்டு குழுக்களாகப் பிரித்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஐவரையும் மொத்தமாக வெளியே எடுத்து அடுத்த ஐவரை இறக்கினார். பத்துப் பேருக்குத் தலா 20 நிமிடம். பின்னாளில் என்.பி.ஏ.வில் பெரிய நட்சத்திரமாகப் போகும் டெவின் புக்கர் அந்த அணியில் பெஞ்சிலிருந்துதான் வந்தார்! டிசம்பரில் ஒருவர் காயம்பட்டு விழுந்ததும் அந்த ஏற்பாடு முடிந்தது. அணி என்னவோ 38 ஆட்டங்களை வரிசையாக வென்றது. 39ஆவது ஆட்டம், 2015 ஏப்ரல் 4, ஃபைனல் ஃபோர் எனப்படும் அரையிறுதி. விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றார்கள்.

அந்த விஸ்கான்சின் அணியின் முதுகெலும்பு ஃபிராங்க் கமின்ஸ்கி. கல்லூரியில் நான்காவது ஆண்டு. முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிகூடச் சராசரி இல்லாதவர், நான்காம் ஆண்டில் நாட்டின் சிறந்த வீரர். பொறுத்திருந்து வளர்க்கப்பட்ட ஆள் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, வயதில் மூத்த பையன்கள்தான் வெல்வார்கள்" என்று முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டியில் அதே விஸ்கான்சினை டியூக் 68-63 என்று வென்றது. அந்த டியூக்கின் முக்கியமான ஆட்டக்காரர்கள் முதலாண்டுப் பையன்கள். ஆக, வயதை மட்டும் வைத்து ஜாதகம் சொல்ல முடியாது.

பொறுத்திருக்கும் வழிக்கே வருவோம், ஏனென்றால் பர்டூவின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. ஒரு மாணவர் ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம். ஒரு வருடம் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டத்தில் இறங்காமல் இருந்தால் அந்த சீசன் கணக்கில் வராது. இதை ரெட்ஷர்ட் என்பார்கள். ட்ரே காஃப்மன்-ரென் என்ற இண்டியானா பையன் 2021இல் பர்டூவுக்கு வந்தபோது, அவர் ஆடும் இடத்துக்குப் பக்கத்தில் ஈடியும் ட்ரெவியன் வில்லியம்ஸும் நின்றார்கள். அவர் ஒரு வருடம் ரெட்ஷர்ட். 2024-25இல் அதே ஆள் ஆட்டத்துக்குச் சராசரி 20 புள்ளி எடுத்தார்.

ஈடியின் கதை இன்னும் சுவாரசியம். டொரண்டோ பையன், சிறுவயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர், கூடைப்பந்துக்கு வந்ததே தாமதம். பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தும் பட்டியல்களில் அவர் பெயர் 400க்கும் கீழே இருந்தது. பர்டூவில் முதல் ஆண்டு சராசரியாக 15 நிமிடம். இரண்டாம் ஆண்டு 19 நிமிடம். வளையத்துக்கு அடியில் ஆடும் உயரமானவரான சென்டருக்கு உள்ள 40 நிமிடங்களை வில்லியம்ஸோடு கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார். வில்லியம்ஸ் போனதும் மூன்றாம் ஆண்டு 30 நிமிடத்துக்கு மேல், அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நாட்டின் சிறந்த வீரர். 2024இல் என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 9ஆவது ஆளாக மெம்ஃபிஸ் எடுத்துக்கொண்டது. இரண்டாம் ஆண்டு முடிவில் "எனக்கு நேரம் போதவில்லை" என்று அவர் வேறு கல்லூரிக்குக் கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கிளம்பாமல் இருந்ததற்கு, அடுத்த ஆண்டு அந்த 40 நிமிடமும் யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஒரே இடத்துக்கு மூன்று பேரை வாங்கிக் குவிக்கும் கோச்சிடம் அந்தத் தெளிவு கிடைக்காது.

சரி, கிளம்புவது என்றால் எப்படி?

முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அது பெரிய தண்டனை, அதனால் பெரும்பாலானோர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 2018 அக்டோபரில் டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தது. மாற விரும்பும் மாணவர்களின் பெயர்களைப் பதிந்து வைக்கும் ஒரு தரவுத்தளம், அவ்வளவுதான். பெயர் ஏறியதும் மற்றக் கல்லூரிகள் பேசத் தொடங்கலாம். 2021இல் ஒரு முறை மட்டும் தண்டனையில்லாமல் மாறலாம் என்றார்கள். 2023 டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டது. 2024 ஏப்ரலிலிருந்து படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. 2025இல் ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் போர்ட்டலில் இருந்தார்கள். ஐ.பி.எல். பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏலம் எடுத்த அணிதான் ஆளைத் தக்கவைப்பதா விடுவதா என்று முடிவு செய்யும். இங்கே பெரும்பாலும் ஆட்டக்காரர்தான் முடிவு செய்கிறார், அதுவும் வருடாவருடம்.

இதன் விளைவைப் பார்க்க, பர்டூவைத் தோற்கடித்த அந்தச் சின்ன அணியையே பின்தொடர்ந்து போகலாம். ஃபேர்லி டிக்கின்சன் கோச் டோபின் ஆண்டர்சன் அதற்கு முந்தைய ஆண்டு வரை இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்றில் இருந்தவர். வரும்போது அங்கிருந்த தன் ஆட்டக்காரர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய சீசனில் 4 ஆட்டம் மட்டுமே வென்றிருந்த அணி, ஒரே வருடத்தில் பர்டூவைச் சாய்த்தது. சாய்த்த சில நாட்களிலேயே ஆண்டர்சன் ஐயோனா என்ற கல்லூரிக்குக் கோச்சாகப் போய்விட்டார். ஐயோனாவில் ஏன் இடம் காலி? அங்கிருந்த ரிக் பிட்டினோ நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸுக்குப் போய்விட்டார். பிட்டினோ போனதும் ஐயோனாவின் சிறந்த கார்டு (பந்தைக் கையாளும் வெளிவரிசை ஆட்டக்காரர்) வால்டர் கிளேட்டன் ஜூனியர் போர்ட்டலில் ஏறி, சொந்த மாநிலமான ஃப்ளோரிடாவின் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

இன்னொரு கிளை. பர்டூவை வென்ற ஃபேர்லி டிக்கின்சனை அடுத்த ஆட்டத்திலேயே வீட்டுக்கு அனுப்பியது ஃப்ளோரிடா அட்லான்டிக். அந்த அணி ஃபைனல் ஃபோர் வரை போனது. ஒரு வருடம் கழித்து அதன் கோச் டஸ்டி மே மிச்சிகனுக்குப் போனார், தன் சென்டர் விளாட் கோல்டினையும் அழைத்துக்கொண்டு. முந்தைய ஆண்டு 8 வெற்றி, 24 தோல்வி என்று கிடந்த மிச்சிகன் அடுத்த ஆண்டு 27 ஆட்டம் வென்றது. அதே ஃப்ளோரிடா அட்லான்டிக்கின் அலைஜா மார்ட்டின் வேறு பக்கம், ஃப்ளோரிடாவுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே பெல்மான்ட் கல்லூரியிலிருந்து வந்த வில் ரிச்சர்ட் இருந்தார். கிளேட்டன், மார்ட்டின், ரிச்சர்ட், மூன்று பேரும் மூன்று சின்னக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். 2025 ஏப்ரலில் ஹூஸ்டனை 65-63 என்று வென்று ஃப்ளோரிடா கோப்பை தூக்கியபோது கார்டுகளாக நின்றவர்கள் இவர்கள்தான். இரண்டாம் பாதியில் 12 புள்ளி பின்தங்கியிருந்து மீண்டார்கள். கடைசி விநாடிகளில் ஹூஸ்டனை வீசவே விடாமல் குறுக்கே பாய்ந்தவர் கிளேட்டன்.

சின்னக் கல்லூரிகளின் பக்கம் நின்று பார்த்தால் இது வயிற்றெரிச்சல்தான். 2022இல் கென்டகி, பர்டூ இரண்டையும் வென்று கடைசி எட்டு வரை போன செயின்ட் பீட்டர்ஸ் அணி, அந்தக் கோடையிலேயே சிதறியது. கோச் ஒரு பக்கம், ஆட்டக்காரர்கள் நாலா பக்கம். அவர்களிடம் தோற்ற வலி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அடுத்த வருடம் அந்த அணியை மறுபடி பார்க்க முடியாமல் போனது நியாயமாகப் படவில்லை.

## பணம்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, ஆனால் நீட்டவும் போவதில்லை. 2021 ஜூலை 1 வரை கல்லூரி ஆட்டக்காரர்கள் ஸ்காலர்ஷிப்பைத் தாண்டிக் காசு வாங்கக் கூடாது. அன்று முதல் தங்கள் பெயர், உருவம், புகழ் ஆகியவற்றை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. இதை என்.ஐ.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். நடைமுறையில் பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் நிதி திரட்டி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் வழியாக அது மாறியது. 2025 ஜூனில் ஒரு வழக்கின் சமரசத்தை நீதிபதி ஏற்றபோது, கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று வந்துவிட்டது. முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகளில் அமெரிக்க ஃபுட்பால் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஃபுட்பால் அணியே இல்லாத செயின்ட் ஜான்ஸ் போன்ற இடங்களுக்கு இது ஒரு வசதி.

நம்மில் பலருக்குப் பழக்கமான ஒரு சிக்கலும் இதில் உண்டு. ஈடி கனடாக்காரர், அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருந்தார். எஃப்-1 விசாக்காரர் அமெரிக்க மண்ணில் இஷ்டப்படி வேலை செய்து சம்பாதிக்க முடியாது. சி.பி.டி., ஓ.பி.டி. என்ற மாணவர் வேலை அனுமதிகளுக்காக அலைந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாட்டின் சிறந்த வீரராக இரண்டு முறை தேர்வானவர், சக வீரர்கள் எளிதாகச் செய்யும் விளம்பரங்களைச் செய்ய முடியாமல் இருந்தார். பர்டூவில் படிக்கும் நம் பையன்களும் அவரும் ஒரே வகை விசாக் கவலையில் இருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

பணம் வந்த பிறகு எல்லாக் கோச்சுகளும் இதில் ஒட்டவில்லை. 2019இல் கோப்பை வென்ற வர்ஜீனியாவின் டோனி பென்னட், 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, இந்தப் புதிய சூழல் தனக்குப் பொருந்தவில்லை என்று விலகினார். மெதுவாக ஆடி, பொறுமையாகப் பையன்களை வளர்த்தவர் அவர். அவருடைய ஆட்டம் தூக்கம் வரவழைக்கும் என்று கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன், இருந்தும் அந்தச் செய்தி கஷ்டமாக இருந்தது.

## ஓட்டை எங்கே என்று பார்ப்பது

நல்ல ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்தால் நல்ல அணி ஆகிவிடாது. பந்தைக் கொண்டுபோய்ப் பிறருக்கு வாய்ப்பு உருவாக்க ஒருவர், தூரத்திலிருந்து வீசுவதற்கு இரண்டு மூன்று பேர், வளையத்தைக் காக்க ஒரு உயரமானவர், எதிரணியின் சிறந்த கார்டை மடக்க ஒருவர் என்று வேலைகள் இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனால் மார்ச்சில் யாராவது அந்த இடத்தில் விரலை விட்டு ஆட்டுவார்கள். 2024-25இல் பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸ் தடுப்பாட்டத்தில் நாட்டிலேயே முன்வரிசை. ஆனால் தூரத்திலிருந்து வீச ஆள் இல்லை. இது நவம்பரிலேயே எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் ஆர்கன்சாவுக்கு எதிராக 22 மூன்று புள்ளி வீச்சுகளில் 2 மட்டுமே உள்ளே போயின. 75-66, கதை முடிந்தது. எதிரே நின்ற கோச் யார் தெரியுமா? கென்டகியிலிருந்து இடம் மாறி வந்திருந்த அதே கேலிபரி.

இப்போது பர்டூவின் அந்த 2023 தோல்விக்குத் திரும்பினால் பெயின்டர் ஏன் கலைக்கவில்லை என்பது விளங்கும். அந்த ஆட்டத்தில் ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார், அவர் தன் வேலையைச் செய்துவிட்டார். கூட இருந்தவர்கள் 26 மூன்று புள்ளி வீச்சில் 21ஐத் தவறவிட்டார்கள். 16 முறை பந்தைப் பறிகொடுத்தார்கள். பந்தைக் கையாண்ட பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லாயர் இருவரும் முதலாண்டுப் பையன்கள். குள்ளமான, வேகமான எதிரணி களம் முழுக்கத் துரத்தியதில் திணறிப்போனார்கள். ஓட்டை அனுபவத்தில் இருந்தது, அப்புறம் அழுத்தம் தாங்கும் ஒரு மூத்த கார்டு இல்லாததில். முதல் ஓட்டையைக் காலம் அடைக்கும், அந்தப் பையன்களைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். இரண்டாவதுக்குத்தான் சதர்ன் இல்லினாய்ஸில் நான்கு ஆண்டு ஆடிய லான்ஸ் ஜோன்ஸை எடுத்தார். வேகமானவர், எதிரணிக் கார்டை விடாமல் ஒட்டிக்கொள்பவர், ஸ்மித்தின் தோளிலிருந்து பாதிச் சுமையை இறக்கக்கூடியவர். அடுத்த சீசனில் பர்டூவின் மூன்று புள்ளி வீச்சு ஏறக்குறைய 40 சதவீதம்.

அப்படியிருந்தும் இறுதியில் தோற்றோம். யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 75, பர்டூ 60. களத்தில் நடக்கும் கோச்சிங் என்றால் என்ன என்று கேட்டால் நான் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான், எங்கள் தோல்வி என்றாலும். சீசன் முழுக்க எதிரணிகள் ஈடியை இரண்டு பேர் வைத்துத் தடுத்தன, அவர் வெளியே காலியாக நிற்பவருக்குப் பந்தைத் தள்ளுவார், மூன்று புள்ளி விழும். யூகானின் டேன் ஹர்லி இதற்கு நேர்மாறாகச் செய்தார். ஈடி எடுப்பதை எடுத்துக்கொள்ளட்டும், ஒரே ஒருவர் தடுங்கள், மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகராதீர்கள். ஈடி 37 புள்ளி எடுத்தார். பர்டூ மொத்தமாக 7 மூன்று புள்ளி வீச்சுதான் வீச முடிந்தது, விழுந்தது 1.

ஆனால் இந்தத் திட்டம் எப்படி முடிந்தது? ஈடியின் முன்னால் தனியாக நிற்க 7 அடி 2 அங்குல டோனவன் கிளிங்கன் இருந்ததால்தான். அவர் அதே கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளிப் பையன், முதல் ஆண்டு பெஞ்சில் பொறுத்திருந்தவர். கூட நின்ற டிரிஸ்டன் நியூட்டன் ஈஸ்ட் கரோலினாவிலிருந்தும், கேம் ஸ்பென்சர் ரட்கர்ஸிலிருந்தும் மாறி வந்தவர்கள். ஸ்டெஃபன் காஸில் முதலாண்டு நட்சத்திரம், ஒரே வருடத்தில் என்.பி.ஏ.வுக்குப் போனார். அலெக்ஸ் காரபன் ரெட்ஷர்ட்டாக உட்கார்ந்து வளர்ந்தவர். நான் இதுவரை சொன்ன எல்லா வழிகளும் அந்த ஐந்து பேரில் இருக்கின்றன. அன்று இரவு ஹர்லி வரைந்த திட்டத்தை வேறு அணியை வைத்துக்கொண்டு யாராலும் வரைந்திருக்க முடியாது.

## ஏப்ரலில் நீங்களே போடும் கணக்கு

ஒரு அணியைப் பின்தொடரத் தொடங்கினால், சீசன் முடிந்ததும் ஒரு தாளில் அதன் 200 நிமிடங்களை எழுதுங்கள். எந்த ஆட்ட அட்டவணையிலும் ஒவ்வொருவரின் சராசரி நிமிடம் இருக்கும். படிப்பு முடிந்து போகிறவர், என்.பி.ஏ.வுக்குப் போகிறவர், போர்ட்டலில் ஏறுகிறவர் எல்லோரையும் அடித்துவிட்டால் காலியாகும் நிமிடங்கள் தெரியும்.

2025 ஏப்ரலில் ஃப்ளோரிடாவுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், கிளேட்டன், மார்ட்டின், ரிச்சர்ட் மூவரும் ஒன்றாகக் கிளம்பியதில் ஏறத்தாழப் பாதி நிமிடங்கள் காலி. அதுவும் எல்லாமே கார்டு நிமிடங்கள். உயரமானவர்கள் காண்டன், ஹாவ், சின்யேலு எல்லோரும் தங்கினார்கள். எனவே கோச் டாட் கோல்டன் போர்ட்டலில் முக்கியமாக எடுத்தது கார்டுகளைத்தான், ஆர்கன்சாவிலிருந்து பூகி ஃப்ளாண்ட், பிரின்ஸ்டனிலிருந்து ஸேவியன் லீ.

அதே மாதம் பர்டூவுக்குப் போட்டால் படம் தலைகீழ். ஸ்மித், லாயர், காஃப்மன்-ரென் மூவரும் நான்காவது சீசனுக்குத் திரும்பினார்கள். காலி நிமிடம் குறைவு, ஆனால் ஓட்டை வளையத்துக்கு அடியில். ஈடி போன பிறகு அவர் இடத்துக்கு வந்த டேனியல் ஜேக்கப்சன் என்ற 7 அடி 4 அங்குலப் பையன் 2024-25 சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் உடைந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஆண்டு முழுக்க அணி குட்டையாகவே ஆடியது. மார்ச்சில் ஹூஸ்டனிடம் 62-60 என்று தோற்றதும், விநாடிக்கும் குறைவான நேரம் இருக்கையில் வளையத்துக்கு அடியிலேயே ஹூஸ்டன் போட்ட ஒரு பந்தால்தான். பெயின்டர் அந்தக் கோடையில் சவுத் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து ஆஸ்கர் க்ளஃப் என்ற 6 அடி 11 அங்குல ஆளை எடுத்தார். ரீபவுண்டில் கெட்டிக்காரர். 2025-26 சீசன் தொடங்குமுன் வந்த ஏ.பி. செய்தி நிறுவனத் தரவரிசையில் பர்டூ முதலிடம்.

போர்ட்டல் நேரத்தில் "இந்த அணிக்கு ஏ கிரேடு, அந்த அணிக்கு பி கிரேடு" என்று மதிப்பெண் போடும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. அவை வந்தவர்களின் பெயரை மட்டும் எண்ணுகின்றன. தங்கியவர்களுக்கு யாரும் மார்க் போடுவதில்லை. ஒரு சின்னக் கல்லூரியில் ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுத்தவர் அங்கே அணியின் பாதிப் பந்துகளைத் தானே வீசியிருப்பார். பெரிய அணியில் அவருக்கு அத்தனை பந்து கிடைக்காது. பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வார், தடுப்பாட்டத்தில் கால் நகருமா என்பதுதான் அங்கே அவருடைய நிமிடத்தை முடிவு செய்யும். சராசரிப் புள்ளியைவிட, வலுவான அணிகளுக்கு எதிராக அவர் ஆடிய இரண்டு மூன்று ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பது பயன்தரும்.

நவம்பரில் சீசன் தொடங்கியதும் பெரிய அணிகள் பலவீனமான அணிகளை அழைத்து 30, 40 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும். அந்த ஸ்கோரைப் பார்க்காதீர்கள், நிமிடப் பத்தியைப் பாருங்கள். பதினொரு பேர், பன்னிரண்டு பேர் ஆடியிருப்பார்கள். கோச் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஜனவரியில் கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் குழுவுக்குள் நடக்கும் ஆட்டங்கள் சூடுபிடிக்கும்போது அது ஒன்பதாகும், பிப்ரவரியில் எட்டாகும். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கிய முக்கிய ஆளை கோச் உட்கார வைக்கும்போது யாரை எழுப்புகிறார் என்று கவனியுங்கள். பேட்டிகளில் எல்லோரையும் ஒரேபோலப் புகழ்வார்கள். ஆனால் ஆறாவது, ஏழாவது ஆளாக அவர் யாரை நம்புகிறார் என்பது அந்த நேரத்தில் வெளிப்பட்டுவிடும். அந்த வரிசையில் கீழே தள்ளப்பட்டவரின் பெயர் அடுத்த ஏப்ரலில் போர்ட்டலில் வந்தால் நீங்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.